சுவருக்கு ஒரே கதவு

ஈஸ்ட் தொழிற்சாலையின் நடுவில் சுவர் எழுப்பச் சொன்னது பிரஸ்ஸல்ஸ். அந்தச் சுவரைக் காவல் காக்கக் கண்காணிப்பாளராக ஓர் ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். என் பெயர் லீவன். ஆல்ஸ்ட்காரன். எங்கள் ஊர்க்காரர்களைச் சுற்றுவட்டாரமே வெங்காயம் என்றுதான் கூப்பிடும். ஒரு காலத்தில் ஊரெல்லாம் வெங்காயம் போட்டார்களாம், பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. குளிர்காலக் கடைசியில் ஊரே வேஷம் கட்டி ஆடும் திருவிழா சமயத்தில் நாங்களே நகர மண்டபத்தின் மேலே நின்று கூட்டத்தின் தலையில் வெங்காயம் வீசுகிறவர்கள்தான்.

விஷயம் இதுதான். நாட்டில் ரொட்டிக் கடைகளுக்கு ஈஸ்ட் விற்கிற பெரிய கம்பெனிகள் இரண்டு. இரண்டும் ஒன்றாகச் சேரப் போகிறோம் என்று பிரஸ்ஸல்ஸில், கம்பெனிகள் சேர அனுமதி கொடுக்கிற ஐரோப்பிய அலுவலகத்தில், போய் நின்றன. சேர்ந்தால் ரொட்டிக் கடைக்காரன் வேறு யாரிடம் போவான்? சொன்ன விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும். அதனால் பிரஸ்ஸல்ஸ் ஒரு நிபந்தனை போட்டது. எங்கள் ஊரில் டெண்டர் என்ற ஆற்றின் ஓரம் இருக்கிற இந்தத் தொழிற்சாலையில் பாதியை வெளியாளுக்கு விற்றுவிட வேண்டும். விற்கும் வரைக்கும் இரண்டு பாதியும் ஒன்றை ஒன்று அறியாத அந்நியர்களாக இருக்க வேண்டும். இடது பாதி கம்பெனிக்கு. வலது பாதி விற்பனைக்கு. நடுவில் செங்கல் சுவர். சுவரில் ஒரே ஒரு இரும்புக் கதவு, அந்தக் கதவுக்கு ஒரே ஒரு சாவி. அது என் பையில்.

கேட்டால் சிரிப்பு வரும். காபி இயந்திரம் இடது பக்கம் போய்விட்டது, வலது பக்கத்துக்காரர்கள் ஒரு மாதம் புலம்பினார்கள். கால்பந்து குழுவில் கோல்கீப்பர் ஒரு பக்கம், மற்றவர்கள் மறு பக்கம். இருபது வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் லுட்கார்டும் ஸ்டெஃபும். இப்போது லுட்கார்ட் வலது பாதிக்குத் தலைவி, ஸ்டெஃப் இடது பாதியில் விலை போடுகிறவர். வேலை நேரத்தில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொன்னால்கூட நான் எழுதிப் பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்ப வேண்டும். அப்படி ஒரு பிழைப்பு எனக்கு.

லுட்கார்டுக்கு இது விளையாட்டு இல்லை. இடது பக்கத்திலேயே நல்ல நாற்காலி இருந்தும் அதை உதறிவிட்டு வலது பாதியை நடத்த வந்தவள் அவள். திரும்பிப் போக வழி கிடையாது. டென்மார்க்கிலிருந்து ஒரு கூட்டுறவு சங்கம் வாங்க முன்வந்திருந்தது. வலது பாதி தன் காலில் நிற்கிறது, தன் விலையைத் தானே போடுகிறது என்று தெரிந்தால்தான் வாங்குவார்கள். இல்லையென்றால் விற்பனை இல்லை. விற்பனை இல்லையென்றால் கம்பெனி வலது பாதியை இழுத்து மூடும். அறுபது சொச்சம் பேர் தெருவில் நிற்பார்கள், லுட்கார்டையும் சேர்த்து.

பிப்ரவரி ஆரம்பத்தில் பிரஸ்ஸல்ஸிலிருந்து கைசா கூப்பிட்டாள். இந்த வழக்கைப் பார்க்கும் அதிகாரி அவள். ஃபின்லாந்துக்காரி, குரலை உயர்த்தவே மாட்டாள். அதனாலேயே அவள் பேசினால் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவேன்.

"லீவன், உங்க சுவரு செங்கல்லதான கட்டுனீங்க? காகிதத்துல இல்லையே?"

"ஏன், என்ன ஆச்சு?"

"ரொட்டிக்கடை சங்கத்துலேர்ந்து புகார். வாராவாரம் ரெண்டு பக்கமும் ஒரே விலை. ஒரு சென்ட் கூட முன்னபின்ன இல்ல. ஒரு வாரம்னா தற்செயல்னு விடலாம். இது அப்படி இல்ல."

"நான் பாக்கறேன்."

"பாருங்க. திருவிழாவுக்கு முன்னாடி டென்மார்க் ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள ரெண்டு விலையும் தனித்தனியா நிக்கலன்னா, விற்பனைக்கு என் பேனா அசையாது."

இத்தனை காவலுக்குப் பிறகும் எவனோ என் மூக்குக்குக் கீழேயே பேசிக்கொள்கிறான் என்றால் எப்படி இருக்கும்? நேராக லுட்கார்டின் அறைக்குப் போனேன்.

"நீயும் ஸ்டெஃபும் எங்க பேசிக்கறீங்க? ஞாயித்துக்கிழம கோயில்லயா, சாராயக் கடையிலயா?"

அவள் கையிலிருந்த ஈஸ்ட் கட்டியை மேஜையில் அறைந்தாள். "ஏ வெங்காயம், வாயக் கழுவிட்டுப் பேசு. இந்தப் பக்கம் மூடுனா மொதல்ல தெருவுக்கு வர்றது நான். என் கழுத்த நானே அறுத்துக்குவனா?"

"அப்ப எப்படி ஒரே விலை?"

"அத எங்கிட்ட கேளு! திங்கக்கிழம காலைல இந்தக் கதவச் சாத்திக்கிட்டு நான் மட்டும் உக்காந்து விலை போடறேன். போட்டதும் மொதல்ல தெரியறது உனக்கு. நீதான் பக்கத்துலயே உக்காந்திருக்க, கொள்ளிக்கட்ட மாதிரி."

அது உண்மை. திங்கள் காலையில் அவள் விலை போடும்போது நான் கூடவே இருப்பேன். செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்து இடது பக்கம் போய் ஸ்டெஃபின் கணக்கைப் பார்ப்பேன். இரண்டு பக்கத்து ரகசியமும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்தாலும் தெரியாதவன் மாதிரி இருக்க வேண்டும், அதுதான் வேலை. அதற்கு நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். கதவுக்கு முன்னால் நின்று தொண்டையை இரண்டு தடவை கனைத்துக்கொள்வேன். இந்தப் பக்கம் தெரிந்ததை எல்லாம் அங்கேயே வாசலில் இறக்கி வைத்ததாக நினைத்துக்கொள்வேன். பிறகுதான் கதவைத் தாண்டுவேன். தாண்டும்போது உடம்பு லேசாகிவிடும். முதுகில் ஒரு குளிர் ஏறும். ஈஸ்ட் அறைகளுக்குக் குளிர்பதனம் உண்டே, அதுதான் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் ரீட் மட்டும் அடிக்கடி முனகுவாள். "ஏ மனுஷா, இந்த வேலைக்குப் போனதுலேர்ந்து பாதி ஆளுதான் வீட்டுக்கு வர்ற. மீதிய எங்க வெச்சிட்டு வர்ற?" என்பாள். மனைவிமார் சொல்வதுதானே என்று நான் சூப்பைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

லுட்கார்ட்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "நான் விலையே போடல. நீ போடு. கணக்குல சேராத ஒரு கிறுக்கு விலையா மனசுல நெனச்சிட்டு வா. திங்கக்கிழம வந்து என் காதுல சொல்லு. அப்பறம் பாப்போம் யாரு பேசறான்னு."

அந்த வாரம் முழுக்க அந்த எண்ணை நான் வாயால் உச்சரிக்கவில்லை. ரீட்டிடமும் சொல்லவில்லை. அது எந்த வருடமும் எவரும் ஈஸ்டுக்குப் போட்டிராத விலை. திங்கள் காலை லுட்கார்டின் காதில் சொன்னேன். அவள் "பைத்தியமா உனக்கு?" என்று கண்ணால் கேட்டுவிட்டு அப்படியே போட்டாள். நான் தொப்பியை மாட்டிக்கொண்டு வலது பக்கத்துத் தெருவாசலால் வெளியே வந்தேன். இரும்புக் கதவைத் தொடவே இல்லை. மதிலைச் சுற்றி நடந்து, ஆற்றுப் பாலத்தை ஒட்டித் திரும்பி, இடது பக்கத்துத் தெருவாசலுக்குள் நுழைந்து, ஸ்டெஃபின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன்.

ஸ்டெஃபின் பலகையில் விலை எழுதியிருந்தது. என் விலை.

ஸ்டெஃப் சாதுவான மனிதர். என்னைப் பார்த்ததும் சிரித்தபடி எழுந்து நின்றார். "என்ன சார், திரும்பி வந்துட்டீங்க? எதாவது மறந்துட்டீங்களா?"

"திரும்பியா? எங்கேர்ந்து?"

"இப்பதான போனீங்க. காபி கூட ஆறல பாருங்க."

மேஜையின் ஓரத்தில் ஒரு கோப்பை இருந்தது. அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. தட்டில் சர்க்கரைக் கட்டியின் காகிதம் கிடந்தது. யாரோ அதைக் குட்டிப் படகாக மடித்து வைத்திருந்தார்கள். சர்க்கரைக் காகிதத்தைப் படகாக மடிப்பவன் நான். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம், ரீட் அதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

அந்தப் படகைக் கையில் எடுத்துப் பார்த்தேன். "நான் எத்தன மணிக்கு வந்தேன், ஸ்டெஃப்?"

"எப்பவும் வர்ற நேரந்தான். திங்கக்கிழம திங்கக்கிழம கதவத் தொறந்துக்கிட்டு வருவீங்க. ரெண்டு தடவ கனைப்பீங்க. அந்த நாற்காலில உக்காந்து காபி குடிப்பீங்க. ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. போறப்ப விலைய மட்டும் சொல்லிட்டுப் போவீங்க." அவருடைய சிரிப்பு மெதுவாக மங்கியது. "மொத தடவ எனக்கே உதறுச்சு சார். ஆனா கண்காணிப்பாளர் சொன்னா எதுத்து ஒரு கேள்வி கேக்கக்கூடாதுன்னு நீங்கதான எழுதி ஒட்டினீங்க? இது பிரஸ்ஸல்ஸ் உத்தரவுன்னு நெனச்சு அதையே போட்டேன். ஏன் சார், தப்பா?"

சுவரில் என் அறிவிப்பு இருந்தது. என் கையெழுத்தோடு. அதை நானே நாலு முனையிலும் ஆணி அடித்து மாட்டியிருந்தேன். கண்காணிப்பாளரின் சொல்லை எவரும் கேள்வி கேட்கக் கூடாது. இந்த வேலையில் எல்லோரும் செய்கிற காரியம்தான். காவல்காரனைக் காவல் காக்க வேண்டும் என்று எங்களில் எவனுக்கும் தோன்றுவதில்லை.

"தப்பில்ல" என்றேன். வேறு என்ன சொல்ல? பையில் கையை விட்டுப் பார்த்தேன். இரும்புக் கதவின் சாவி அங்கேயேதான் இருந்தது. பனிக்கட்டியைத் தொட்டது போலிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். எத்தனை மாதமாக அந்த வாசலில் எதை எதையோ இறக்கி வைத்துக்கொண்டே இருக்கிறேன்! விலை, வாடிக்கையாளர் பெயர், லுட்கார்டின் பயம், ஸ்டெஃபின் பெருமூச்சு. அதையெல்லாம் இறக்கி வைத்தேனே தவிர, ஒரு நாளும் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டதில்லை. அங்கே சேர்ந்தது எல்லாம் கூடி எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தது. எனக்கு அப்போது வந்த பயம் சாமானியமான பயம் இல்லை. பேயைக் கண்டால் ஓடலாம். தன்னையே கண்டவன் எங்கே ஓடுவான்?

அடுத்த திங்கள் லுட்கார்டையும் அழைத்துக்கொண்டு இரும்புக் கதவுக்கு வலது பக்கம் போய் நின்றேன். அவளிடம் நடந்ததைச் சொல்லியிருந்தேன். நம்பவில்லை. "குடிச்சிருக்கியா?" என்றுதான் கேட்டாள். விலையை மட்டும் போட்டுவிட்டு வந்திருந்தாள். தொட்டிகளில் ஈஸ்ட் நுரைக்கும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. புளித்த மணம் மூக்கை அடைத்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இரண்டு தடவை கனைத்தார்கள்.

லுட்கார்ட் என் கையை இறுகப் பற்றினாள். பூட்டுக்குள் சாவி நுழையும் சத்தம் கேட்டது. இருக்கிற ஒரே சாவி என் உள்ளங்கையில் இருந்தது. நான் சட்டென்று மேல் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டேன். கதவு ஒரு தடவை அசைந்து நின்றது.

"லீவன்?" என்றேன். என் பெயரை நானே கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"ம்" என்றது என் குரல்.

"எதுக்குடா விலைய சொல்ற?"

"என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான? நீ வெச்சிட்டுப் போறதத்தான் நான் வெச்சிருக்கேன். யார்கிட்டயாவது சொல்ல வேணாமா? எத்தன நாளா வாயே தொறக்காம இருக்கறது?" குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. "கதவத் தொற. எனக்கு வீட்டுக்கு வரணும். ரீட் எப்படி இருக்கா?"

கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. பொய் சொல்லவில்லை, திறந்துவிடத்தான் நினைத்தேன். அந்தக் குரலில் ஒரு சூடு இருந்தது. எனக்கு இப்போது அந்தச் சூடு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ரீட்டோடு பேசுவதற்கு, சிரிப்பதற்கு, சண்டை போடுவதற்கு இருந்ததையும் நான் அங்கேயேதான் இறக்கி வைத்திருக்கிறேன்.

"தொறக்காத" என்றாள் லுட்கார்ட். அவள் உதடு வெளுத்திருந்தது. "லீவன், உன் காலத் தொடறேன், தொறக்காத. அது உள்ள வந்தா அந்தப் பக்கத்து எல்லாமும் கூடவே வருமே. அப்பறம் நீ கைசாகிட்ட என்னன்னு சொல்லுவ?"

சரியாகத்தான் சொன்னாள். அவன் வந்து என்னோடு சேர்ந்தால் இரண்டு பக்கமும் ஒரே மண்டைக்குள் வந்துவிடும். பிறகு நான் உண்மையை எழுதியாக வேண்டும். கசிந்தது என் வழியாகத்தான் என்று. அதோடு சுவரும் இல்லை, விற்பனையும் இல்லை, அவளுக்குப் பின்னால் தொட்டிகளுக்கு நடுவில் வெள்ளைத் தொப்பியோடு வேலை செய்கிற அத்தனை பேருக்கும் பிழைப்பும் இல்லை. திரும்பி அவர்களைப் பார்த்தேன். யாரோ ஒருவன் விசில் அடித்துக்கொண்டே மூட்டை தள்ளிப் போனான்.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன்.

"கட்டப் போறியா?" என்றது அந்தப் பக்கம்.

"ஆமா."

"சரி, கட்டு. நான் வேற வழி பாத்துக்கறேன்" என்றது. காலடிச் சத்தம் விலகிப் போனது. நடக்கும்போது என் இடது கால் செருப்பு கொஞ்சம் தரையில் தேயும். அந்தத் தேய்ப்பும் கேட்டது.

அன்றைக்கே கொத்தனாரை வரவழைத்துக் கதவைச் செங்கல் வைத்து அடைத்தேன். பாதுகாப்புக்காக என்று கைசாவுக்கு எழுதினேன், அவள் பாராட்டினாள். அதற்குப் பிறகு இடது பக்கத்துக் கணக்கை ஸ்டெஃப் எனக்கு அனுப்பிவைத்தால் போதும் என்று ஏற்பாடு. அடுத்த திங்கள் அவரே கூப்பிட்டார். "சார், இந்த வாரம் நீங்க வரவே இல்லையே. விலைய நானே போட்டுட்டேன், பரவாயில்லையா?"

"ரொம்ப பரவாயில்ல" என்றேன். எனக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது.

விலைகள் பிரிந்தன. லுட்கார்ட் சில சென்ட் குறைத்தாள், ஸ்டெஃப் பதறிப்போய் இன்னும் குறைத்தார், ரொட்டிக் கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். டென்மார்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஆட்களோடு சேர்ந்து சாப்பிட்டார்கள். திருவிழாவின் கடைசி நாள் கையெழுத்துப் போட்டார்கள். வலது பக்கத்தில் எல்லோரும் பியர் பாட்டில்களைத் திறந்து தொட்டிகளில் தட்டிக் கூத்தடித்தார்கள். லுட்கார்ட் என்னைக் கட்டிப் பிடித்து, "வெங்காயம், நீ நல்லா இருக்கணும்" என்று அழுதாள். கைசா தொலைபேசியில், "இவ்வளவு சுத்தமான பிரிவை நான் பாத்ததே இல்ல, லீவன்" என்றாள். அவள் வாயிலிருந்து பாராட்டு வாங்கிய ஆள் ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஊருக்குள் நடந்தேன். தெருவெல்லாம் முகமூடி, பெண் வேஷம் போட்ட ஆண்கள், கிழிந்த குடை, நாட்பட்ட தொப்பி. எங்கள் தெருமுனைக் கடைக்காரன் ஒரு பழைய தொட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தான். பாவாடை கட்டியிருந்தான்.

"ஏ லீவன்! இப்பதான உன் வீட்டு வாசல்ல நின்னு எனக்கு ஒரு கதை சொன்ன? சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. அதுக்குள்ள எப்படிடா இங்க வந்த?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவருக்குத்தான் ஒரே கதவு. இடது பாதிக்குத் தெருவாசல் ஒன்று இருக்கிறதே! ஸ்டெஃபைப் பார்க்க நானே அதன் வழியாகத்தானே போனேன்? சுவரையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, முட்டாள், முட்டாள், தெரு கண்ணில் படவே இல்லை.

ஓடினேன். வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. ஜன்னல் வழியாக ரீட் தெரிந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! மேஜையில் காபியும் வரிசையாகச் சர்க்கரைக் காகிதப் படகுகளும் இருந்தன. எனக்கு முதுகு காட்டி என் சட்டையில் ஒருவன் உட்கார்ந்து கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். பேசிக்கொண்டே இருந்தான்.

கதவைத் தட்டினேன்.

"யாரு அது?" என்று ரீட்டின் குரல் கேட்டது.

காலடி வாசலுக்கு வந்தது. இடது செருப்பு தரையில் தேய்ந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவன் இரண்டு தடவை கனைத்தான்.

"ரீட்" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். எனக்குக் குரலே வரவில்லை.

"யாருமில்ல, ரீட்" என்றது என் குரல், சூடாக, சந்தோஷமாக. "திருவிழாக் கூட்டம். எவனோ தெரியாம நம்ம வீட்டுக்கு வந்துட்டான்."

தாழ்ப்பாள் விழுந்தது. என் வீடு, சாவி இருக்குமே என்று பையைத் துழாவினேன். கைக்கு வந்தது செங்கலுக்குள் போய்விட்ட அந்த இரும்புக் கதவின் சாவி மட்டும்தான்.